துணை வலையமைப்பு முகவரி எல்லை: ஒரு கோடு நகர்ந்த வரலாறு

இணையத்தில் இணைந்துள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் ஓர் எண் உண்டு. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் இந்த எண் 32 பிட்களைக் கொண்டது. படிப்பதற்கு எளிதாக இருக்கும்பொருட்டு, அதனை எட்டு எட்டு பிட்களாகப் பிரித்து, 203.0.113.77 என்பதுபோல நான்கு பதின்ம எண்களாக எழுதுகிறோம். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம்.

ஒவ்வொரு முகவரியும் இரண்டு பகுதிகளால் ஆனது. முற்பகுதி வலையமைப்பைக் குறிக்கும். பிற்பகுதி அந்த வலையமைப்புக்குள் இருக்கும் கருவியைக் குறிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கோடு எந்த இடத்தில் விழுகிறது என்பது தெரிந்தால், அந்த வலையமைப்பில் எந்தெந்த முகவரிகள் அடங்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். தெரியாவிட்டால், முகவரியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது.

கணினி அறிவியல் மாணவர்கள் பலர் இக்கணக்கை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்கின்றனர். ஒரு புத்தகம் விடையிலிருந்து இரண்டைக் கழிக்கச் சொல்கிறது. இன்னொன்று கழிக்க வேண்டாம் என்கிறது. ஒரு புத்தகம் ஏ, பி, சி வகுப்புகளைப் பற்றிப் பேசுகிறது. இன்னொன்று அவை இப்போது இல்லை என்கிறது. இந்த முரண்பாடுகள் அச்சுப்பிழைகள் அல்ல. ஒவ்வொன்றும் அந்த எல்லைக்கோடு ஒரு குறிப்பிட்ட காலத்தில் எங்கே இருந்தது என்பதைக் காட்டும் தடயம். அக்கோடு எப்போது, ஏன் நகர்ந்தது என்பதை அறிந்துகொண்டால் சூத்திரம் தானாகவே விளங்கிவிடும்.

தொடக்க காலம்

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1969-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் முகவரிக்கு 8 பிட்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 6 பிட்கள் செய்திகளைக் கடத்தும் இடைநிலைக் கருவியையும், 2 பிட்கள் அக்கருவியோடு இணைக்கப்பட்ட கணினியையும் குறித்தன. அதாவது அதிகபட்சமாக 64 இடங்கள், இடத்துக்கு 4 கணினிகள். ஒரு கணினி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்ட காலத்தில் இது போதுமானதாகவே இருந்தது.

1974-இல் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும், வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கான திட்டத்தை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். அதில் வலையமைப்பைக் குறிக்க 8 பிட்களை ஒதுக்கினர். 256 வலையமைப்புகள் கண்ணுக்கெட்டிய எதிர்காலத்துக்குப் போதும் என்பது அவர்களது கணிப்பு. அன்று வலையமைப்பு என்றால் ஒரு நாடு முழுவதும் பரவிய பெரிய அமைப்பு என்றே பொருள் கொள்ளப்பட்டது. ஒரு கட்டடத்துக்குள்ளேயே ஒரு வலையமைப்பு வரும் என்பது அக்கணக்கில் சேரவில்லை.

1980 ஜனவரியில் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தில் முகவரி 32 பிட்களாக இருந்தது. அதிலும் முதல் 8 பிட்களே வலையமைப்புக்கு உரியவை. மீதி 24 பிட்கள் கருவிக்கு உரியவை. எல்லைக்கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருந்தது.

மூன்று வகுப்புகள்

அந்நிலை நீண்ட நாள் நீடிக்கவில்லை. இணையத்தின் தொழில்நுட்ப விதிகள் ஆர்.எஃப்.சி. எனப்படும் எண்ணிட்ட ஆவண வரிசையில் வெளியிடப்படுகின்றன. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டெல் தொகுத்து வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 791, முகவரிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தது.

ஏ வகுப்பு: முதல் எண் 0 முதல் 127 வரை. கோடு 8-ஆவது பிட்டுக்குப் பின். 128 வலையமைப்புகள், ஒவ்வொன்றிலும் 1,67,77,216 முகவரிகள்.

பி வகுப்பு: முதல் எண் 128 முதல் 191 வரை. கோடு 16-ஆவது பிட்டுக்குப் பின். 16,384 வலையமைப்புகள், ஒவ்வொன்றிலும் 65,536 முகவரிகள்.

சி வகுப்பு: முதல் எண் 192 முதல் 223 வரை. கோடு 24-ஆவது பிட்டுக்குப் பின். 20,97,152 வலையமைப்புகள்; ஒவ்வொன்றிலும் 256 முகவரிகள்.

இந்த ஏற்பாட்டை நமது தரைவழித் தொலைபேசி எண்களோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். முன்னால் இடும் பூச்சியத்தை விட்டுவிட்டால், மொத்த இலக்கங்கள் பத்து. சென்னைக்கு 44 என்ற இரண்டு இலக்கக் குறியீடு. எனவே உள்ளூர் எண்ணுக்கு எட்டு இலக்கங்கள். கோயம்புத்தூருக்கு 422, உள்ளூர் எண்ணுக்கு ஏழு. நாகர்கோவிலுக்கு 4652, உள்ளூர் எண்ணுக்கு ஆறு. பெரிய ஊருக்குக் குறியீடு சிறியது, உள்ளூர் எண் நீளமானது. மொத்த நீளம் மாறாமல் கோடு மட்டும் இடம் மாறுகிறது. வகுப்பு முறையின் அடிப்படையும் இதுவே.

இம்முறையின் சிறப்பு, முகவரியே தன் எல்லையைச் சொல்லிவிடும் என்பது. முதல் எண்ணைப் பார்த்தவுடன் கோடு எங்கே என்று தெரிந்துவிடும். வேறெந்தத் தகவலும் தேவையில்லை. 1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் புதிய நெறிமுறைக்கு மாறியபோது, இந்த வகுப்பு முறையே நடைமுறையில் இருந்தது.

அதன் குறையும் அதே எண்களில் ஒளிந்திருந்தது. 32 பிட்களில் அமையக்கூடிய மொத்த முகவரிகள் 429,49,67,296. இதில் சரிபாதி ஏ வகுப்புக்கு உரியது. அதாவது, உலகின் முகவரிகளில் பாதியை 128 பெயர்களுக்குள் பங்கிட முடியும். அவற்றிலும் 0, 127 ஆகிய இரண்டும் தனிப் பயன்களுக்கு ஒதுக்கப்பட்டவை. முதலில் வந்தவர்களுக்குக் கிடைத்தது மிகுதி. பின்னர் வருவோரைப் பற்றிய நினைப்பு அப்போது எழவில்லை.

ஒரு வளாகம், பல வலைகள்

1980-களின் தொடக்கத்தில் ஈதர்நெட் போன்ற உள்ளூர் வலைகள் பல்கலைக்கழகங்களில் பரவின. ஒரே வளாகத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வலை தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் தனி வலையமைப்பு எண் வாங்கினால், இணையத்திலுள்ள ரூட்டர்கள் அனைத்தும் அத்தனை எண்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். முழு வளாகத்துக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டால், உள்ளே எந்த முகவரி எந்தத் துறையில் இருக்கிறது என்பதைக் கண்டறிய வழியில்லை.

இச்சிக்கலுக்குத் தீர்வாக, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மோகல் 1984 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 917 என்ற ஆவணத்தை வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக, 1985 ஆகஸ்டில் மோகலும் போஸ்டெலும் இணைந்து எழுதிய ஆர்.எஃப்.சி. 950 துணை வலையமைப்பு முறையைத் தரப்படுத்தியது. சப்நெட் என்ற சொல்லால் நாம் இன்று குறிப்பது இதனையே.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. வெளியுலகுக்கு வளாகம் முழுவதும் ஒரே வலையமைப்பு. பழைய கோடு அப்படியே இருக்கும். வளாகத்துக்குள் மட்டும் இன்னொரு கோட்டை வலப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். கருவிப் பகுதியின் சில பிட்கள் துறையைக் குறிக்கும். எஞ்சியவை கருவியைக் குறிக்கும்.

ஆனால் இந்தப் புதிய கோடு முகவரியைப் பார்த்தால் தெரியாது. எனவே அதனைத் தனியாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்காக வந்ததுதான் சப்நெட் மாஸ்க். வலையமைப்புப் பகுதியிலுள்ள பிட்களுக்கு 1, கருவிப் பகுதியிலுள்ள பிட்களுக்கு 0 என எழுதப்படும் 32 பிட் எண் அது. முகவரி தன் எல்லையைத் தானே சொன்ன காலம் இத்துடன் முடியத் தொடங்கியது.

கணக்கிடும் முறை

பாடநூல்களிலும் விளக்கங்களிலும் பயன்படுத்துவதற்கென்றே சில முகவரித் தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 203.0.113.0 முதல் 203.0.113.255 வரையிலான தொகுதி அவற்றுள் ஒன்று. அதிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

முகவரி 203.0.113.77, மாஸ்க் 255.255.255.192. இந்த முகவரி அமைந்துள்ள துணை வலையமைப்பின் எல்லை எது?

முதல் மூன்று எண்களுக்கும் மாஸ்க் 255 என்பதால் அவை மாறா. நான்காவது எண்ணை மட்டும் இரும எண்ணாக எழுதுவோம்.

77 = 01001101
192 = 11000000

இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 இட்டு, மற்ற இடங்களில் 0 இட்டால் கிடைப்பது 01000000, அதாவது 64. எனவே துணை வலையமைப்பின் தொடக்க முகவரி 203.0.113.64. கருவிப் பகுதியான கடைசி ஆறு பிட்களையும் 1 ஆக்கினால் 01111111, அதாவது 127. எனவே இறுதி முகவரி 203.0.113.127.

தொடக்க முகவரி வலையமைப்பின் பெயராகவும், இறுதி முகவரி அந்த வலையமைப்பிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பும் முகவரியாகவும் பயன்படும். இவ்விரண்டையும் நீக்கினால், கருவிகளுக்கு வழங்கக்கூடியவை 65 முதல் 126 வரையிலான 62 முகவரிகள்.

இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. 256-இலிருந்து மாஸ்க் எண்ணைக் கழித்தால் தொகுதியின் அளவு கிடைக்கும். 256 − 192 = 64. எனவே எல்லைகள் 0, 64, 128, 192 என்ற மடங்குகளில் மட்டுமே தொடங்கும். 77 என்பது 64-க்கும் 128-க்கும் இடையில் இருப்பதால் அதன் தொகுதி 64-இல் தொடங்குகிறது. 203.0.113.130 என்ற முகவரி இதில் அடங்காது. அது அடுத்த தொகுதியைச் சேர்ந்தது.

கோடு மூன்றாவது எண்ணின் நடுவே விழும்போதுதான் மாணவர்கள் தடுமாறுகின்றனர். முகவரி 172.16.37.200, மாஸ்க் 255.255.240.0 எனக் கொள்வோம். 256 − 240 = 16. மூன்றாவது எண் 16-இன் மடங்குகளில் தொடங்கும்: 0, 16, 32, 48. 37 என்பது 32-க்கும் 48-க்கும் இடையில் உள்ளது. எனவே எல்லை 172.16.32.0 முதல் 172.16.47.255 வரை, மொத்தம் 4,096 முகவரிகள். இங்கே 172.16.40.0 என்பதும் 172.16.39.255 என்பதும் கருவிகளுக்கு வழங்கத்தக்க சாதாரண முகவரிகளே. 0-இல் முடிந்தால் வலையமைப்பின் பெயர், 255-இல் முடிந்தால் அனைவருக்குமான முகவரி என்று மனப்பாடம் செய்தவர்கள் தவறுவது இவ்விடத்தில்தான்.

இக்கணக்கு தேர்வுக்காக மட்டும் உள்ளதன்று. ஒரு கணினி தரவை அனுப்பும்போது, பெறுபவர் தன் எல்லைக்குள் இருக்கிறாரா என்று முதலில் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. உள்ளே இருந்தால் நேரடியாக அனுப்பும். வெளியே இருந்தால் ரூட்டரிடம் ஒப்படைக்கும். மாஸ்க்கில் ஓர் எண் தவறினால், பக்கத்து மேசையிலுள்ள அச்சுப்பொறியும் வெளியூராகிவிடும்.

இரண்டைக் கழிப்பதா, வேண்டாமா?

ஆர்.எஃப்.சி. 950, துணை வலையமைப்பு எண்ணின் பிட்கள் அனைத்தும் 0 ஆகவோ அனைத்தும் 1 ஆகவோ இருப்பதைத் தவிர்க்கச் சொன்னது. மாஸ்க் என்பதை அறியாத பழைய கருவிகள், அவற்றை முழு வலையமைப்பின் முகவரியோடு குழப்பிக்கொள்ளும் என்பதே காரணம். இதன்படி, மேற்கண்ட எடுத்துக்காட்டில் நான்கு துணை வலையமைப்புகளில் முதலும் கடைசியும் பயன்படா, இரண்டே மிஞ்சும். பழைய பாடநூல்கள் துணை வலையமைப்புகளின் எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழிப்பது இதனால்தான்.

1995 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1878, இவ்வழக்கம் காலாவதியாகிவிட்டது என்று குறிப்பிட்டது. இன்று நான்கையும் பயன்படுத்தலாம். கருவிகளின் எண்ணிக்கையில் இரண்டைக் கழிப்பது மட்டும் தொடர்கிறது. இரண்டு ரூட்டர்களை மட்டுமே இணைக்கும் தொடுப்புகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. 2000 டிசம்பரின் ஆர்.எஃப்.சி. 3021 அங்கே இரண்டே முகவரிகள் கொண்ட தொகுதியை அனுமதித்தது.

ஆர்.எஃப்.சி. 950-இல் இன்னொரு வியப்பும் உண்டு. மாஸ்க்கில் 1-கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்ததே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. இடையிடையே 0 வந்தால், ஒரு துணை வலையமைப்பின் முகவரிகள் அடுத்தடுத்து அமையாமல் சிதறிக் கிடக்கும். அப்போது "எது முதல் எது வரை" என்ற கேள்விக்கே பொருள் இராது. 1-கள் தொடர்ச்சியாக இருந்தால்தான் துணை வலையமைப்பு என்பது ஓர் எல்லையாகிறது.

வகுப்புகள் மறைந்தன

1990-களின் தொடக்கத்தில் புதிய நெருக்கடி வந்தது. நடுத்தர நிறுவனத்துக்கு சி வகுப்பின் 256 முகவரிகள் போதவில்லை. ஏ வகுப்பு மிகப் பெரியது. எனவே எல்லோரும் பி வகுப்பையே கேட்டனர். இரண்டாயிரம் கணினிகள் உள்ள நிறுவனம் 65,536 முகவரிகளை வாங்கி வைத்துக்கொண்டது. மொத்தமே 16,384 தொகுதிகள் என்பதால் அவை தீர்ந்துவிடும் நிலை உருவானது. பதிலாக சி வகுப்புத் தொகுதிகளைப் பல பல்லாகக் கொடுத்தாலோ, ரூட்டர்களின் பட்டியல்கள் தாங்க முடியாத அளவுக்குப் பெருகின.

1993 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1519 வகுப்புகளையே கைவிட்டது. வகுப்பற்ற முறை என்று இதனைக் குறிப்பிடலாம். கோட்டை எந்த பிட்டுக்குப் பின்னும் போடலாம். ஆனால் அது எங்கே என்பதை முகவரியோடு சேர்த்தே சொல்ல வேண்டும். 203.0.113.64/26 என்று எழுதினால், முதல் 26 பிட்கள் வலையமைப்புக்கு உரியவை என்று பொருள். 255.255.255.192 என்பதும் /26 என்பதும் ஒன்றே.

துணை வலையமைப்பு முறை கோட்டை வலப்பக்கம் நகர்த்தியது. இம்முறை இடப்பக்கமும் நகர்த்தியது. 192.168.8.0 முதல் 192.168.15.255 வரையுள்ள எட்டு சி வகுப்புத் தொகுதிகளை 192.168.8.0/21 என்ற ஒரே வரியில் அடக்கிவிடலாம். ரூட்டரின் பட்டியலில் எட்டு வரிகளுக்குப் பதில் ஒரு வரி போதும். ஆனால் 192.168.10.0-இலிருந்து எட்டுத் தொகுதிகளை அவ்வாறு சேர்க்க இயலாது. 10 என்பது 8-இன் மடங்கு அல்ல. மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி இங்கும் மாறவில்லை.

வீட்டுக்குள் வாழும் பழைய எண்

வகுப்பற்ற முறை காலத்தை நீட்டித்ததே தவிர முகவரிகளைப் பெருக்கவில்லை. எனவே, உள் வலையமைப்புகளில் யார் வேண்டுமானாலும் அனுமதியின்றிப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 1996 பிப்ரவரியின் ஆர்.எஃப்.சி. 1918 இவற்றை உறுதிசெய்தது.

10.0.0.0/8: 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை.
172.16.0.0/12: 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை.
192.168.0.0/16: 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை.

இரண்டாவது தொகுதியில் தவறு நேர்வது வழக்கம். /12 என்பதால் கோடு இரண்டாவது எண்ணின் நடுவே விழுகிறது. தொகுதி அளவு 16. எனவே 172.31 உள்ளே, 172.32 வெளியே.

முதல் தொகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. 10 என்பது அர்ப்பாநெட்டின் வலையமைப்பு எண்ணாக இருந்தது. 1990-இல் அர்ப்பாநெட் நிறுத்தப்பட்டதும் அந்த எண் ஓய்வு பெற்றது. பின்னர் அது அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டது. இன்று ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 10 எனத் தொடங்கும் முகவரியைக் காணும் மாணவர், இணையத்தின் முதல் வலையமைப்புடைய எண்ணையே காண்கிறார்.

தீர்ந்துபோன இருப்பு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது வகுப்பு முறை கைவிடப்பட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய தொகுதிகள் கேட்டவுடன் கிடைத்த காலம் முடிந்திருந்தது.

2011 பிப்ரவரி 3 அன்று உலகின் மைய இருப்பில் எஞ்சிய ஐந்து /8 தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஒன்றாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இந்தியாவை உள்ளடக்கிய ஆசிய-பசிபிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசி /8 தொகுதியைத் தொட்டது. அதன் பின் ஓர் உறுப்பினருக்கு அதிலிருந்து அதிகபட்சம் ஒரு /22, அதாவது 1,024 முகவரிகள் மட்டுமே என்று வரையறுத்தது.

இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் வந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு 1,67,77,216. 2011-இல் ஆசியாவில் புதிதாகச் சேவை தொடங்கிய நிறுவனத்துக்கு 1,024. இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. முதலில் கோடு போட்டவர்களுக்குப் பின்னால் வருவோரின் எண்ணிக்கை தெரியவில்லை. பெற்றதைத் திருப்பித் தந்தவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த 36 என்ற ஏ வகுப்புத் தொகுதியை 2000-ஆம் ஆண்டில் ஒப்படைத்தது. 2010-இல் அத்தொகுதி ஆசிய-பசிபிக் பதிவகத்துக்கு வழங்கப்பட்டது.

பற்றாக்குறையின் விளைவாக, கைபேசிச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் அமர்த்துகின்றன. அதற்கென 2012 ஏப்ரலில் 100.64.0.0/10 என்ற தொகுதி ஒதுக்கப்பட்டது. தொகுதி அளவு 64 என்பதால், அதன் எல்லை 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை என்பதை வாசகர்களே இப்போது கணக்கிட்டுவிடலாம்.

ஆறாம் பதிப்பு

நிலையான தீர்வாக உருவானது இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்பு. 1995 டிசம்பரில் முதலில் வரையறுக்கப்பட்ட இதில் முகவரி 128 பிட்களைக் கொண்டது. ஒரு சாதாரணத் துணை வலையமைப்புக்கே 64 பிட்கள் கருவிப் பகுதியாக விடப்படுகின்றன. அதாவது, ஒரு வீட்டு வலைக்குள் அமையும் முகவரிகள், பழைய இணையம் முழுவதன் முகவரிகளைப் போல 429 கோடி மடங்குக்கும் அதிகம்.

அங்கும் எல்லைக்கோடு உண்டு. சாய்கோட்டுக்குப் பின் எண்ணாகவே அது எழுதப்படுகிறது. ஆகவே எந்தப் பதிப்பானாலும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கோடு எத்தனையாவது பிட்டுக்குப் பின்? அதற்கு விடை தெரிந்தபின், கோட்டுக்கு வலப்புறம் உள்ளவற்றை எல்லாம் 0 ஆக்கினால் தொடக்கம். எல்லாம் 1 ஆக்கினால் முடிவு. அந்த எண் சொல்லப்படாத முகவரி, ஊர்க் குறியீடு எங்கே முடிகிறது என்று தெரியாத தொலைபேசி எண்ணைப் போன்றது.